கார்த்திகைப் பெண்டிரும் சத்திரத்துப் பிள்ளைகளும்

சுவாமிமலையில் தந்தைக்குப் பிரணவப் பொருள் உரைத்த குருவாக நாம் வணங்கும் முருகன், வளர்ப்புத் தாயர் அறுவரின் பிள்ளை. பின்னர் அன்னை உமையிடம் சேர்ந்தான். எனினும் கார்த்திகேயன் என்னும் பெயரில் வளர்த்தவர்கள் நிலைத்துவிட்டனர். தத்தெடுத்தலினின்றும் வளர்ப்பு வேறுபடுவது இங்குதான். தத்துப்பிள்ளை குடிமாறி உரிமை பெறும். வளர்ப்புப்பிள்ளை ஒருநாள் திரும்பிச் செல்லக்கூடும்.

சுவாமிமலை அடங்கிய தஞ்சை நாட்டில் பிள்ளை வளர்ப்பு அரச அறமாகவும் இருந்தது. மன்னர் இரண்டாம் சரபோசி 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய மடல், இராமேசுவரம் செல்லும் வழியிலிருந்த சத்திரங்களின் பணிகளை விவரிக்கிறது. அங்கு வந்த வெளியூராரின் அநாதைப் பிள்ளைகள் சத்திரப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கு, மருந்து, உடை, விரும்பிய கல்வி, முடிவில் திருமணச் செலவு ஆகிய அனைத்தையும் சத்திரமே ஏற்றது.

ஆயினும் அப்பிள்ளைகளுக்கு வாய்த்தவை பள்ளியும் அன்னசாலையுமே, வீடு அன்று. இக்குறையை நீக்க, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவில் வழி வகுத்தது. காப்பகத்துக்கு மாற்றாக ஒரு குடும்பத்தில் குழந்தை வளரலாம். தடையேதும் இல்லையெனில் பெற்றோர் வந்து காணலாம். பெற்றோரை இழந்து உறவினர் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் அளிக்கும் ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025இல் தொடங்கியது.

பிரிவு நேரும் என அறிந்தே பிள்ளையைப் பேணும் மனத்தை எந்தச் சட்டமும் ஆக்கித் தர இயலாது. அத்தகையோரை உதவித்தொகைக்காகப் பிள்ளை வளர்ப்பவர் எனத் தூற்றாதிருப்பதே, கார்த்திகைப் பெண்டிரைத் தொழும் நமது முதற்கடன்.