தேரை என்னும் பெயரும் மரத்தவளையின் அடையாளமும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் உயிரியல் பாடநூல்களும் கலைச்சொல் பட்டியல்களும் சொறித்தோல் உடைய தரைவாழ் இனத்தைத் 'தேரை' என்றும், வழவழப்பான தோல் உடையதைத் 'தவளை' என்றும் பிரிக்கின்றன. ஆங்கில வழக்கின் இருகூற்றுப் பகுப்பைத் தமிழில் பொருத்தும் முயற்சியில் அமைந்த பிரிவு இது. பேச்சு வழக்கில் சொறித்தோல் உயிரிக்குச் 'சொறித்தவளை' என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. அவ்வாறாயின் தேரை எது என்ற வினா எழுகிறது. இதற்கான விடை சங்கப் பாடல்களில் வரும் உயிரினங்களை இனங்காண்பதையும் பாதிக்கும்.

ஐங்குறுநூற்றின் 468ஆம் பாடல் கார்காலத் தொடக்கத்தை வருணிக்கையில் நுணலையும் தேரையையும் அடுத்தடுத்துச் சுட்டுகிறது. நுணலுக்கு வரி என்னும் அடை கிடைக்கிறது. இரண்டன் ஒலிக்கும் வெவ்வேறு வினைச்சொற்கள் ஆளப்படுகின்றன. எனவே இவ்விரண்டையும் 'தவளை' என ஒரே சொல்லால் பொருளுரைத்துக் கடப்பது பாடலின் நுட்பத்தை இழப்பதாகும். குறுந்தொகை 193ஆம் பாடலோ குறுகிய வாயுடைய மலைச்சுனையில் தேரையைக் காட்டி, அதன் குரலைத் தட்டைப் பறைக்கு ஒப்பிடுகிறது. தட்டை என்பது தினைப்புனத்தில் கிளி ஓட்டப் பயன்பட்ட மூங்கில் கருவி. அதன் ஒலி விட்டுவிட்டு எழும் தட்டொலி.

இவ்வுவமை கவனத்திற்குரியது. சொறித்தவளையின் (துட்டாபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ், 1799இல் ஷ்னைடர் பெயரிட்டது) ஆண் இடையறாது நீளும் அதிர்குரல் எழுப்பும். 1830இல் கிரே விவரித்த பொதுவான மரத்தவளையான பாலிபெடேட்டஸ் மகுலேட்டஸின் குரலோ மரத்தைத் தட்டுவது போன்ற குறுகிய ஒலித்தொடர். தட்டைக்கு நெருக்கமானது பின்னதே. எனினும் குரல் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது. சுனையில் வாழும் பிற இனங்களும் உள்ளன.

வலுவான சான்று நாட்டார் வழக்கில் கிடைக்கிறது. உட்பருப்பின்றிக் கெட்ட தேங்காயைத் 'தேரை மோந்த தேங்காய்' என்பர். மெலிந்து கைகால் சூம்பிய குழந்தையைத் 'தேரை பாய்ந்த குழந்தை' என்பர். இந்நம்பிக்கைகளுக்கு மருத்துவ, தாவரவியல் அடிப்படை இல்லை. ஆனால் தென்னை உச்சிக்கு ஏறுவதும், சுவரிலிருந்து பாய்வதும், மெல்லிய நீண்ட கால்களும் எந்த உயிரிக்கு உரியவை என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன. சொறித்தவளை சுவர் ஏறாது. குட்டைக் கால்களால் சிறுசிறு தத்தலாகவே நகரும். ஆங்கிலேயர் காலத்தில் மரத்தவளைக்குச் 'சுண்ணாம்புத் தவளை' என்ற பொருள்படும் பெயர் வழங்கியதும், வெள்ளையடித்த வீட்டுச் சுவரில் அது ஒட்டியிருக்கும் வழக்கத்தால்தான்.

களத்தில் இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. மரத்தவளையின் விரல் நுனிகள் வட்டத் தட்டுகளாக விரிந்திருக்கும். சொறித்தவளைக்கு அத்தட்டுகள் இல்லை; கண்ணுக்குப் பின்புறம் நச்சுச் சுரப்பி புடைத்திருக்கும். முட்டையிடும் முறை இன்னும் தெளிவான வேறுபாடு. சொறித்தவளை நீரில் நீண்ட சரமாக முட்டையிடுகிறது. மரத்தவளை நீருக்கு மேலே இலையிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டுகிறது. பொரித்த தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நீரில் விழுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராவொர்கெஸ்டஸ் பேரினத்தில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குஞ்சுத் தவளை வெளிப்படும். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் சி. ஆர். நாராயண ராவ் நினைவாக 2010இல் சூட்டப்பட்ட பெயர் அது. 1937இல் அவர் விவரித்த தவளைகளின் மூல மாதிரிகள் பின்னர் தொலைந்துபோனதால், அவ்வினங்கள் சிலவற்றை உறுதிசெய்வது நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. மாதிரி இழந்த பெயர் எதைச் சுட்டுகிறது என்ற அச்சிக்கலுக்கும், பொருள் மாறிய 'தேரை'யின் சிக்கலுக்கும் தொலைவு அதிகமில்லை.

மேற்கண்ட சான்றுகளின்படி, நாட்டார் வழக்கின் தேரையை மரத்தவளையாகக் கொள்வதே பொருந்தும். சங்கப் பாடல்களின் தேரைக்கு அதே அடையாளம் வாய்ப்புடையது, உறுதியானதன்று. பாடநூல் வழக்கைப் பின்பற்றி அதனைச் சொறித்தவளை எனப் பொருளுரைப்பதற்கோ சான்றே இல்லை.