முழங்காலைத் தட்டிய பின் ஊசி: மெக்னீசியம் சல்பேட்டும் செவிலியர் பாடத்திட்டமும்

எக்லாம்ப்சியா வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட்டே முதல் மருந்து என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. 1995இல் வெளியான கூட்டு எக்லாம்ப்சியா ஆய்வு இதை உறுதிசெய்தது. மீண்டும் வலிப்பு வருவது டயஸபாம் பெற்ற பெண்களைவிட இம்மருந்து பெற்றவர்களுக்கு 52 விழுக்காடும், ஃபெனிடாயின் பெற்றவர்களைவிட 67 விழுக்காடும் குறைந்திருந்தது. 33 நாடுகளில் 10,141 பெண்களைச் சேர்த்துக்கொண்ட மேக்பை ஆய்வு 2002இல் வெளியானது. ப்ரீ-எக்லாம்ப்சியா நிலையிலேயே மருந்தைத் தொடங்கினால் வலிப்பு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைகிறது என்பது அதன் முடிவு. மருந்தின் விலையும் குறைவு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நோயைத் தடுக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. அந்தத் தூரத்தைப் பெரும்பாலான மகப்பேறு வார்டுகளில் அளப்பது ஒரு சுத்தியல், ஒரு கடிகாரம், ஒரு சிறுநீர்ப் பை ஆகிய மூன்றே. ஆகவே உடல் பரிசோதனையை மருந்து கொடுப்பதற்கு முன்னால் செய்யும் ஒரு சடங்காகக் கொள்வதைவிட, டோஸின் ஒரு பகுதியாகவே கொள்வது பொருந்தும். செவிலியர் பாடத்திட்டம் இவ்விரண்டையும் வெவ்வேறு தாள்களாகப் பிரித்து வைத்திருப்பது இந்த உறவை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மருந்தின் செயல்பாட்டிலிருந்தே பரிசோதனையின் காரணம் புலப்படும். நரம்பு முனையில் கால்சியம் உள்ளே நுழைந்தால்தான் அசிட்டைல்கோலின் வெளிவரும், தசை சுருங்கும். மெக்னீசியம் அங்கே கால்சியத்தோடு போட்டியிட்டு அந்த வெளியீட்டைக் குறைக்கிறது. மூளையில் என்எம்டிஏ ஏற்பிகளை அடைப்பதும், குருதிக்குழாய்களைத் தளர்த்துவதும் வலிப்பு குறைவதற்கான விளக்கங்களாகச் சொல்லப்படுகின்றன. குருதியில் லிட்டருக்கு 4 முதல் 7 மில்லிஈக்விவலன்ட் வரை இருப்பது பயன்தரும் அளவு. 10ஐ நெருங்கும்போது முழங்கால் அனிச்சை மறைகிறது. 12ஐத் தாண்டினால் சுவாசத் தசைகள் செயலிழக்கலாம். அதற்கும் வெகு மேலே போனால் இதயம் நிற்கும். அனிச்சை முதலிலும் மூச்சு பிறகும் போகிறது என்ற இந்த வரிசையை நம்பித்தான் முழுக் கண்காணிப்பும் அமைந்திருக்கிறது. வெஸ்ட்ஃபாலும் எர்பும் 1875இல் தனித்தனியே விவரித்த முழங்கால் உதறல், நரம்பியல் அறைகளைவிட மகப்பேறு வார்டில்தான் இன்று அதிகம் பயன்படுகிறது என்று சொன்னாலும் பெரிய மிகையாகாது.

இம்மருந்தைக் கொடுக்கும் பிரிட்சர்ட் முறையில் முதல் டோஸ் 14 கிராம். 50 விழுக்காடு கரைசலில் 8 மில்லியை 12 மில்லி ஊசிநீரோடு கலந்தால் 20 மில்லியில் 4 கிராம் கிடைக்கும். அது ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் நரம்பு வழியே ஏற்றப்படும். தொடர்ந்து இரு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் ஆழ்ந்த தசை ஊசி. பின்னர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. பிரசவம், கடைசி வலிப்பு இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை இது தொடரும். ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவதாக அந்தப் பெண் சொல்வார், முகம் சிவக்கும். இதை ஒவ்வாமை என்று எண்ணி ஊசியைப் பாதியில் நிறுத்திவிடும் மாணவிகள் உண்டு. முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைத்தால் இருவருக்கும் பதற்றம் இல்லை.

ஒவ்வொரு மறுடோஸுக்கும் முன் மூன்று நிபந்தனைகள் உண்டு. முழங்கால் அனிச்சை இருக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது. கடந்த நான்கு மணியில் சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வந்திருக்க வேண்டும். மாணவர்கள் இந்த மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒப்பிப்பதற்கும் செய்து பார்ப்பதற்கும் உள்ள தொலைவு ஒவ்வொன்றிலும் வேறு வேறு விதமானது.

அனிச்சையில் நடக்கும் முதல் பிழை, தொடக்க நிலையைப் பதிவு செய்யாமல் விடுவது. ப்ரீ-எக்லாம்ப்சியாவில் அனிச்சை வழக்கத்தைவிட வேகமாக, 3+ அல்லது 4+ என்ற அளவில் இருக்கக்கூடும். முதல் ஊசிக்கு முன் 4+ இருந்தவருக்கு எட்டு மணி கழித்து 1+ இருந்தால், ‘அனிச்சை உள்ளது’ என்ற குறிப்பு உண்மைதான். ஆனால் அது சரிவை மறைக்கும் உண்மை. அடுத்தது கைத்திறன். கால் தளர்வாக மடங்கியிருக்க, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாணில் தட்ட வேண்டும். உதறல் தெரியாவிட்டாலும் தொடையின் முன்தசை சுருங்குவதை மறுகை உணரும். வலியிலோ பயத்திலோ கால் இறுகியிருந்தால், இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டுத் தட்டுவது யென்ட்ராசிக் காட்டிய உத்தி. சிசேரியனுக்காக முதுகில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டிருந்தால் முழங்கால் அனிச்சை மருந்தால் போனதா, மயக்க ஊசியால் போனதா என்று சொல்ல முடியாது. அப்போது முழங்கை மடிப்பிலுள்ள பைசெப்ஸ் அனிச்சையைப் பார்க்க வேண்டும். மருந்தியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி இந்த இடத்தில் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. அந்தத் தாள் அவரை ஒரு காலையும் தட்டிப் பார்க்கச் சொன்னதில்லை.

மூச்சை எண்ணுவது எளிது என்ற எண்ணமே ஆபத்து. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரே ஒரு மூச்சைத் தவறவிடுவது நான்கு எண்ணிக்கைப் பிழையாகிறது. எல்லை 16 என்று இருக்கும் இடத்தில் 12க்கும் 16க்கும் வேறுபாடு ஊசி போடலாமா கூடாதா என்பதே. முழு நிமிடம் எண்ணியாக வேண்டும். வார்டு சார்ட்டுகளில் 18, 20 என்ற எண்கள் அடிக்கடி திரும்ப வருவதைப் பார்த்தவர்களுக்கு, எண்ணப்படாத மூச்சுகள் எத்தனை என்ற சந்தேகம் எழாமல் போகாது. பல்ஸ் ஆக்சிமீட்டரும் இங்கே முழுத் துணையாகாது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருப்பவருக்கு மூச்சு மெலிந்து கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும்போதும் கருவி 98 காட்டலாம்.

சிறுநீர் அளவு மூன்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. மெக்னீசியம் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா பாதிக்கும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று. அதனால் ஒரே டோஸ் ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்கு நஞ்சாகவும் முடியலாம். குழாய் மடங்கியிருக்கிறதா, பையை யாராவது அளக்காமல் கொட்டிவிட்டார்களா என்று பார்ப்பதும் மருந்தியல் அறிவுதான்.

பரிசோதனை தவறாகும்போது கைகொடுப்பது கால்சியம் குளுக்கோனேட். 10 விழுக்காடு கரைசலில் 10 மில்லி, அதாவது 1 கிராம், மெதுவாக நரம்பு வழியே தரப்படும். முதல் டோஸை ஏற்றும்போதே அந்த ஆம்பூல் படுக்கையருகில் இருக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் ஆம்பூலை உடைப்பதற்கு முன் ஆம்பு பையைக் கையிலெடுக்க வேண்டும்.

குருதியில் மெக்னீசியத்தை நேரடியாக அளந்துவிட்டால் இத்தனை தட்டலும் எண்ணலும் எதற்கு என்று கேட்கலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அந்த அளவீடு தேவைதான். ஆனால் ஆய்வக முடிவு வருவதற்குள் அடுத்த டோஸின் நேரம் வந்துவிடும் மருத்துவமனைகளே மிகுதி. மேக்பை ஆய்விலும் குருதி அளவைப் பார்க்காமல் உடல் அறிகுறிகளைக் கொண்டே பெண்கள் கண்காணிக்கப்பட்டனர். இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் உண்டு. அனிச்சைக்குப் பிறகே மூச்சு போகும் என்ற வரிசை, மருந்து மெல்ல ஏறும்போதுதான் நம்பத்தக்கது. நரம்பு வழியே வேகமாக, மிகையாகச் செலுத்தினால் முழங்காலைத் தட்டிப் பார்க்க அவகாசமே கிடைக்காது. பார்க்லாண்ட் மருத்துவமனையின் 245 எக்லாம்ப்சியா நோயாளிகளைப் பற்றி 1984இல் பிரிட்சர்டும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட அறிக்கையில் பதிவான ஒரே தாய் இறப்பும் மெக்னீசியம் மிகையால் நேர்ந்ததே.

இந்தியச் செவிலியர் குழுமம் 2021இல் கொண்டுவந்த பருவமுறைப் பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் உடல்நல மதிப்பீட்டுப் பகுதி இரண்டாம் பருவத்தில் செவிலிய அடிப்படைகளோடு வருகிறது. மருந்தியல் மூன்றாம், நான்காம் பருவங்களில். மகப்பேற்றுச் செவிலியம் ஆறாவதில் தொடங்குகிறது. சுத்தியலைப் பிடிக்கக் கற்ற மாணவி, மெக்னீசியம் கொடுக்கும் நோயாளியைச் சந்திக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறார். அதற்குள் கை மறந்துவிடுகிறது. பருவங்களை மாற்றியமைப்பது பெரிய வேலை. தேர்வை மாற்றுவது அவ்வளவு கடினமில்லை. ‘மெக்னீசியம் சல்பேட்டின் பக்கவிளைவுகளை எழுதுக’ என்ற வினாவுக்குப் பதிலாக, செய்முறைத் தேர்வில் ஒரு சார்ட்டைக் கையில் கொடுக்கலாம்: காலை 6 மணிக்கு அனிச்சை 3+, மூச்சு 18, 10 மணிக்கு மூச்சு எழுதப்படவில்லை, நான்கு மணி நேரச் சிறுநீர் 90 மில்லி, பிட்டத்தில் போட வேண்டிய 5 கிராம் சிரிஞ்சில் தயார். மாணவி ஊசியைக் கீழே வைத்து, குழாயைச் சரிபார்த்து, மூச்சை முழு நிமிடம் எண்ணி, காலைத் தட்டி, டோஸை நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்கிறாரா என்பதற்கே மதிப்பெண்.