பிழைத்திருக்க வேண்டியவர்கள்

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைக் கொண்டு போனது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் கரையோர ஊர்கள் அவை. மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. உயிரோடு வைத்தியசாலை வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு வேறு. பத்திரிகைச் செய்தியில் அவர்களுக்கு இருப்பது 'காயமடைந்தோர்' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குள் சிறாய்ப்போடு வந்தவரும் இருப்பார், அரை மணி நேரத்தில் இறக்கப் போகிறவரும் இருப்பார்.

இந்த இருவரையும் பிரித்தறிய முடியுமா? நாடி பிடித்து 'இது தேறும், இது தேறாது' என்று சொன்ன பரிசாரிமாரும் ஹக்கீம்களும் நமது பகுதியில் இருந்தனர். அவர்களுடைய கணிப்பு அவர்களுடைய விரல் நுனியோடு போய்விட்டது. நவீன மருத்துவம் செய்தது அதை எழுத்தில் பதிந்ததுதான். 1974இல் கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜெனெட் ஆகிய இருவரும் கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகியவற்றைக் கொண்டு நினைவு நிலையை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர்; பின்னர் அது 3 முதல் 15 வரையான புள்ளிகளாக அமைந்தது. 1981இல் அமெரிக்காவில் ஹொவார்ட் சம்பியன் குழுவினர் காயப் புள்ளி முறையொன்றை வெளியிட்டு, 1989இல் அதைத் திருத்தினர். திருத்திய முறைக்கு நினைவு நிலை, குருதி அழுத்தம், சுவாச வீதம் என மூன்றே போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 12. நிமிடத்துக்கு 10 முதல் 29 வரை மூச்சு என்றால் 4 புள்ளி. அதைத் தாண்டினால் 3. ஒரு கைக்கடிகாரமும் அழுத்தமானியும் இருந்தால் கிராமத்துத் தாதியும் கணித்துவிடலாம்.

இதில் என்னை ஈர்த்தது வேறொரு பயன். நோயாளியின் வயது, காயத்தின் தன்மை ஆகியவற்றோடு இப்புள்ளியைச் சேர்த்தால் அவர் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடலாம். நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருந்தும் ஒருவர் இறந்தால், ஏன் என்று வைத்தியசாலையைக் கேட்கலாம். வாசலில் எண் பதியப்படாதவரின் மரணத்தைப் பற்றி எவரும் எதையும் கேட்க முடியாது. அது விதியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

அமெரிக்கக் கணக்கு வறிய நாடுகளுக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர் உண்டு. உகண்டாவின் கம்பாலா நகர வைத்தியர்கள் தமக்கேற்ற எளிய புள்ளி முறையொன்றை அமைத்தனர். வட ஈராக்கிலும் கம்போடியாவிலும் 1997 முதல் 2001 வரை கிராமத்தவருக்கே முதலுதவி பழக்கினர். கண்ணிவெடி முதலியவற்றால் காயமுற்றோரிடையே 40 சதவீதமாயிருந்த மரணம் சுமார் 15 சதவீதமாகக் குறைந்தது. மாற்றத்தை அளந்து காட்ட முடிந்தது, காயக்காரரின் நிலையை அவர்கள் பதிந்து வைத்ததால்தான்.

ஒரு தடவை எண்ணினால் போதாது. இளம் உடல் ஏறத்தாழ முப்பது சதவீதக் குருதியை இழக்கும் வரை அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும். பிறகு திடீரெனச் சரியும். கடல் நீரையும் சேற்றையும் சுவாசித்தவர் முதல் மணி நேரத்தில் நன்றாகப் பேசுவார், சில நாட்களில் நுரையீரல் அழற்சியால் வீழ்வார். கல்முனையில் ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. ஆயினும் பாரதூரமான காயமெனில் சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும் அனுப்ப நேரலாம். வழியில் மூச்சு 24இலிருந்து 34 ஆனதை எவர் குறிப்பார்?

2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை பின்னர் கிழக்குக்கும் வந்தது. அதில் வரும் உத்தியோகத்தர் நாடியையும் அழுத்தத்தையும் மூச்சையும் வழியிலேயே அளக்கப் பயிற்றப்பட்டவர். அச்சேவையின் தொலைபேசி இலக்கம் 1990. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சுடப்பட்ட ஆண்டும் அதுவே என்பதைக் கிழக்கில் அந்த எண்ணை அழுத்தும் முதியவர் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.