பொய்க்குச் சிறகு தந்தது யார்?

பிள்ளையார் பால் குடிக்கிறார்!

1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் டில்லியில் எழுந்த இந்தச் சொல், பொழுது சாய்வதற்குள் நாடெங்கும் பரவிற்று. கடல் கடந்து இலண்டனையும் எட்டிற்று. பட்டம் பெற்றோரும் பாமரரும் கரண்டியும் கிண்ணமுமாகக் கோயில் வாயிலில் காத்து நின்றனர். ஏழைக் குழந்தைக்குக் கிட்டாத பால், கற்சிலையின் மீது வழிந்தோடிற்று. அறிவியலார் வந்தனர், பாலில் வண்ணம் கலந்து ஊட்டிக் காட்டினர். பரப்பு இழுவிசையால் கரண்டியை விட்டு வெளியேறிய பால், சிலையின் வாய்க்குள் செல்லவில்லை. மெல்லிய படலமாய் அதன் மேனியிலேயே வழிந்திறங்கிற்று. குட்டு வெளிப்பட்டது.

பொதுமக்கள் கையில் கைப்பேசி இல்லாத காலம் அது. தொலைபேசியும், தொலைக்காட்சியும், வாய்ச்சொல்லுமே பொய்யைச் சுமந்தன. அன்று சிந்தியது பால். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சிந்தியதோ இரத்தம்!

2018ஆம் ஆண்டு, 'பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர்' என்ற புரளி வாட்ஸ்அப் வழியே ஊர் ஊராய் ஓடிற்று. மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அன்பின் அடையாளம் குற்றத்தின் சான்றாகக் கொள்ளப்பட்டது! கும்பல் கூடிற்று; அவர் அடித்தே கொல்லப்பட்டார். சூலை முதல் நாள், மராட்டியத்தின் துலே மாவட்டத்து ரெயின்பாடாவில் ஐவர் மாண்டனர். அந்நாளில் நாட்டில் சுற்றிய காட்சிகளுள் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். உண்மையைச் சொல்லும் இறுதிப் பகுதியை வெட்டியெறிந்து, அச்சமூட்டும் பகுதியை மட்டும் உலவவிட்டனர்.

"மக்களின் மடமைதான் காரணம்" என்று கூறி நாம் அமைதி கொள்ளலாமா? மடமையைச் சாடுவது நம் கடமை, மறுப்பார் இல்லை. ஆனால், பால் குடித்த கதையிலும் மடமை இருந்தது. பிள்ளை பிடிக்கும் கதையிலும் மடமை இருந்தது. முன்னதை அன்றே சோதித்துக் காட்ட அறிவுக்கு நேரம் கிடைத்தது. பின்னதில், அறிவு வந்து சேருமுன் பிணம் விழுந்தது. அந்த வேகத்தைத் தந்தது எது? மனிதன் கட்டிய பாதை! ஒரே தட்டில் இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்குச் செய்தியைத் தள்ளிவிடும் பொத்தான் அங்கே இருந்தது. வெள்ளம் வந்தபின் தண்ணீரைத் திட்டிப் பயனென்ன? மதகு வைக்காமல் ஏரி வெட்டியவனை அல்லவா கேட்க வேண்டும்!

கேட்டனர். 2018 சூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் வரம்பு கட்டிற்று. 2019 சனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் வந்தது. அனுப்பப்படும் செய்திகள் நூற்றுக்கு 25 குறைந்தன என அந்நிறுவனமே கூறிற்று. 2020 ஏப்பிரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாயிற்று; அத்தகைய செய்திகளின் பரவல் நூற்றுக்கு 70 சரிந்தது. யாருடைய கடிதத்தையும் பிரித்துப் படிக்கவில்லை. யாருடைய வாயையும் பூட்டவில்லை. ஓட்டத்துக்குத் தடை வைத்தனர், அவ்வளவே. பொய் சாகவில்லை, உண்மை! ஆனால் மெய் எழுந்து நடக்கச் சிறிது நேரம் கிடைத்தது.

பாதை கட்டுவோர் எப்போதும் நடுநிலையாளர் என எண்ண வேண்டாம். பேஸ்புக்கில் 2017 முதல், ஒரு 'விருப்ப'க் குறியைப் போல் ஐந்து மடங்கு மதிப்பு சினக் குறிக்கு அளிக்கப்பட்டது. விளைவு? சினமூட்டும் செய்தி மேடையேறிற்று. சிந்தனையூட்டும் செய்தி திண்ணையில் கிடந்தது. 2020 செப்டம்பரில் சினத்தின் மதிப்பைச் சுழியாக்கினர். பொய்ச் செய்திகள் மக்கள் கண்ணில் படுவது குறைந்தது. 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் சொல்லும் கதை இது.

அறிவுக்கு ஏற்ற பாதையை மக்களே அமைக்க இயலுமா? இயலும் என்கிறது தைவான். 2014இல் அங்கே மாணவர்கள் சட்டமன்றத்துள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து போராடினர். அவர்களுக்குத் துணைநின்ற கணினி வல்லுநரின் முயற்சியால், அரசும் மக்களும் கலந்து பேசும் இணைய மன்றம் ஒன்று பிறந்தது. 2015இல் ஊபர் வாடகை வண்டிச் சிக்கல் அங்கே வந்தது. கருத்தை எழுதலாம், பிறர் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம், கடந்து போகலாம். ஆனால், பதிலடி கொடுக்கும் பொத்தான் மட்டும் இல்லை! வசைக்கு வாயில் அடைபட்டது. பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்ற பொதுக் கருத்துகள் மேலெழுந்தன. 2016இல் அந்நாட்டுத் தன்னார்வலர்கள் 'கோஃபேக்ட்ஸ்' எனும் அமைப்பைத் தொடங்கினர். ஐயத்துக்குரிய செய்தியை அதற்கு அனுப்பினால், சரிபார்த்தோர் எழுதிய விடை, செய்தி வந்த லைன் செயலியிலேயே திரும்பி வரும். பொய் வந்த வழியிலேயே மெய்யும் வரும்!

தோழர்களே! முதலாளியின் விருப்பத்தால் வந்த மதகு, அவன் விருப்பம் மாறினால் போகும். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, பிற அமைப்புகளைக் கொண்டு உண்மையைச் சரிபார்க்கும் திட்டத்தை அமெரிக்காவில் கைவிடுவதாக 2025 சனவரியில் அறிவித்தது. நன்மை கொடையாக வந்தால் நிலைக்காது. உரிமையாக வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டம், பெரும் இணையத் தளங்கள் தம் அமைப்பால் விளையும் தீங்கைத் தாமே ஆராய்ந்து குறைக்க வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. அத்தகைய சட்டத்தை நாமும் கேட்க வேண்டும்.

எவர் சொன்னார் என்று மட்டும் கேட்டுப் பழகிய நாம், இனி எவர் பரப்பினார், எந்த வழியில் பரப்பினார், அவ்வழியை அமைத்தவர் பெறும் ஆதாயம் என்ன என்றும் கேட்போம். அத்திமூரில் விழுந்த அடிகளை அடித்த கைகள் பல. செய்தியைத் தள்ளிய விரல்கள் அவற்றினும் பல. பொத்தானை வடித்த மூளைகளோ மிகச் சில. அந்தச் சிலரை நோக்கிக் கேள்வி எழாதவரை, அடுத்த புரளிக்கும் சிறகு ஆயத்தமாகவே இருக்கும்.