ஒரு டம்ளர் எண்ணெய்

ஆரல்வாய்மொழியில் வரலாறு என்று கேட்டால், 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை வேலுத்தம்பியின் அரணைத் தாண்டி இந்தக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்ததைத்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு ஒரு 100 சிசி வண்டியின் முன்பக்கத்தில் இருக்கிறது. அப்பா அதில்தான் இருபது வருடத்துக்கும் மேலாகத் தோவாளைச் சந்தைக்குப் பூ மூட்டை கொண்டுபோனார். விடியலுக்கு முன்னால், ஆடிக் காற்றில்.

போன ஆடியில் ஊருக்குப் போனபோது அந்த வண்டியை எடுத்தேன். பிரேக் பிடித்ததும் முன்பக்கம் முங்கியது, எழும்பியது, மறுபடி முங்கியது. பக்கவாட்டில் காற்று தள்ளியபோது ஹேண்டில்பார் என் பேச்சைக் கேட்கவே இல்லை. மெக்கானிக் அண்ணன் போர்க்கைக் கழற்றிக் கவிழ்த்தார். வலதுபக்கம் கறுப்பாகக் கொஞ்சம் ஒழுகியது. இடதுபக்கம் ஒரு சொட்டுகூட இல்லை.

"இத்தன நாளு அப்பா எப்பிடிடே ஓட்டினாரு?" என்றார்.

ஸ்பிரிங் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வைத்துக்கொள்ளத் தெரியாது, உடனே திருப்பிக் கொடுத்துவிடும். எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கிப் போகும்போது அந்த வேகம் சூடாகிக் கரைகிறது. இந்தச் சின்ன விஷயத்துக்கு நிறைய காலம் ஆனது. இங்கிலாந்தில் ஸ்காட் 1908-லேயே டெலஸ்கோப்பிக் போர்க் போட்டுவிட்டார். ஆனால் எண்ணெயால் அதிர்வை அடக்கும் டெலஸ்கோப்பிக் போர்க்கோடு தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வண்டிகள் வந்தது 1935-இல், பிஎம்டபிள்யூ ஆர்12-இல். அதுவரை பல வண்டிகளில் உராய்வுத் தட்டுகள்தான். கையால் திருகி இறுக்க வேண்டும்.

1955-இல் தொடங்கி மதராஸில் செய்த புல்லட்டில் இந்தப் போர்க் இருந்தது. ஆனால் பூக்காரர் புல்லட் வாங்குவாரா? ராஜ்தூத் 175-இல் முன்பக்கம் வேறு ஏற்பாடு, தனித்தனி ஷாக் அப்சார்பர்கள். 1984, 85-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், வடக்கிலிருந்து சிடி100-உம் ஆர்எக்ஸ்100-உம் வந்த பிறகுதான் எண்ணெய் போர்க் சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மைலேஜைத்தான் எழுதுகிறார்கள். இன்ஜின் ஆயிலைப் பார்க்க ஒரு குச்சியோ கண்ணாடியோ உண்டு. போர்க் ஆயிலுக்கு ஒன்றும் கிடையாது. கண்ணில் படாததை யார் மாற்றுவார்கள்?

புது சீல் போட்டதும், "சுமை ஏத்துற வண்டி, கட்டி ஆயிலா ஊத்துங்கண்ணே" என்றேன். இன்ஜினியர் அல்லவா.

"கட்டியா ஊத்தினா சின்னக் குழியில கை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும் மக்கா."

அவர் கம்பெனி புத்தகத்தில் சொன்ன ஆயிலையே, அளவுக் குவளையில், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஊற்றினார். ஸ்பிரிங் இல்லாமல் குழாயை மேலும் கீழும் ஏழெட்டுத் தடவை அடித்துக் காற்றுக் குமிழியை வெளியேற்றினார். பிறகு முழுக்க அமுக்கிவைத்து, விளிம்பிலிருந்து ஆயில் எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஸ்கேலை விட்டுப் பார்த்தார். மேலே மிஞ்சுகிற காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், கடைசி அமுக்கலில் போர்க் கல்லாகும். ரொம்பக் கூடினால் சீல் பிய்ந்துவிடும். மட்டம் எவ்வளவு என்பதைவிட ரெண்டு காலிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்பதில்தான் அவருக்குக் கவனம். இடதுபக்கம் மட்டும் மூன்று தடவை அளந்தார்.

அப்பாவுக்கு இடது தோளில் பல வருட வலி. நான் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன், நாகர்கோவிலில் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறேன். வண்டியைத் திறந்து பார்த்ததில்லை. வலிக்கும் போர்க்குக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் காலியான குழாயைப் பார்த்ததிலிருந்து அது என்னை விடவில்லை.

சாயங்காலம் அப்பா முப்பந்தல் காற்றாலைகள் வரைக்கும் ஓட்டிப்போய்விட்டு வந்தார். எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். சொன்னேன்.

"இவ்வளவுதானா?"

பிறகு குனிந்து, இடதுபக்கக் குழாயை விரலால் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார்.