'பிரங்கி' என்னும் சொல்லும் ஓர் இதழாசிரியரின் சிறைவாசமும்

இன்று ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த சித்தூர், 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. திருப்பதியும் வேலூரும் அம்மாவட்டத்துள் அடங்கியிருந்தன. தமிழும் தெலுங்கும் ஒரே கச்சேரியில் ஒலித்த அம்மாவட்டத்தின் வேலூர்ச் சிறையில், 1908 முதல் மூன்றாண்டுக் கடுங்காவலை அனுபவித்தவர் காடிச்செர்ல ஹரிசர்வோத்தம ராவ். பெசவாடாவில் வெளிவந்த 'ஸ்வராஜ்' என்னும் தெலுங்கு இதழின் ஆசிரியர் அவர்.

குற்றம் ஒரு தலையங்கமே. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908 மார்ச்சில் கைதானதையொட்டித் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். அதைக் கண்டித்து ராவ் ஆட்சியை நேர்முகமாக விளித்து எழுதினார். நிகழ்ச்சி தமிழகத்தது, கண்டனம் தெலுங்கில், உயர்நீதிமன்றத்தின் மொழியோ ஆங்கிலம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவு, அரசின் செயல்களை வெறுப்பூட்டாமல் கண்டிப்பதை அனுமதித்தது. எனவே கண்டனத்திற்கும் இராசத்துரோகத்திற்கும் இடைப்பட்ட எல்லை கருத்தில் இல்லை, தொனியில் இருந்தது. மொழிபெயர்ப்பில் முதலில் நழுவுவதும் அதுவே. அத்தலையங்கம் ஆங்கில நூல்களில் 'கொடிய அந்நியப் புலி' என்னும் பொருள்படச் சுட்டப்படுகிறது. மூலத்தில் உள்ளது 'அந்நியர்' அன்று, 'பிரங்கி'. பாரசீக வழிவந்த இச்சொல் தமிழில் 'பறங்கி' என ஆளையும், 'பீரங்கி' என ஆயுதத்தையும் குறிக்கும். தெலுங்கில் ஒரே வடிவம் இரண்டையும் சுமக்கிறது. புலியைக் குறிப்பதோ 'வியாக்கிரம்' என்னும் வடசொல். தெருவழக்கும் காவிய வழக்கும் மோதும் அவ்விடத்தில்தான் ஏளனம் பிறக்கிறது. போதாததற்கு, மரியாதையற்ற ஒருமை முன்னிலை வேறு! ஆங்கிலத்தின் பொது முன்னிலைச் சொல் இதைக் காட்டாது.

மொழிபெயர்ப்பு இதழாளரைக் காத்ததா, சிக்கவைத்ததா என்று பொதுவிதி வகுப்பதற்கில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் வெறும் எழுத்தர் அல்லர். சாட்சியத்தை ஆக்கியவர் அவரே. அதே ஆண்டில் 'இந்தியா' இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் சிறை சென்றார். பாரதி பிரெஞ்சுப் புதுச்சேரிக்குச் சென்றார்.

சென்னை அரசு சுதேச மொழி இதழ்களின் சாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து இரகசிய அறிக்கைகளாகத் தொகுத்துவந்தது. மூல இதழ்கள் பல அழிந்துவிட்டமையால், ஆய்வாளர் இன்று அவ்வறிக்கைகளை மீண்டும் தமிழாக்க வேண்டியுள்ளது. அப்போது எழுதியவர் 'நீ' என்றாரா, 'நீர்' என்றாரா என்பதை ஊகித்தே எழுதுகிறோம்.