கருங்காலியைவிட ஆடு மேல்: செயின்ட் ஹெலினாவின் ஒரு வண்டுப் பேரினம்

1709இல் செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்கு ஒரு முறையீடு அனுப்பினார். தீவின் மரங்கள் வேகமாக அழிந்துவருகின்றன, கருங்காலிக் காட்டைக் காக்க வேண்டுமானால் ஆடுகளை ஒழித்தாக வேண்டும் என்பது அதன் சாரம். வந்த மறுமொழி சுருக்கமானது. கருங்காலியைவிட ஆடுகள் மதிப்பு மிக்கவை. அவற்றை ஒழிக்க வேண்டாம் என்றனர் இயக்குநர்கள். (அத்தீவின் கருங்காலி நம்மூர்க் கருங்காலி அன்று, செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது.)

நெப்போலியனின் சிறைவாசத்தால் மட்டுமே பலரும் அறிந்த இத்தீவின் பரப்பு 122 சதுர கி.மீ. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கி.மீ. தொலைவில் தெற்கு அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கிறது. போர்த்துகீசியர் 1502இல் இதைக் கண்டனர். அவர்கள் விட்டுச்சென்ற ஆடுகள் பெருமந்தைகளாயின. 1659இல் கம்பெனி தீவைக் கைக்கொண்டது. இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்களுக்குத் தண்ணீரும் இறைச்சியும் அங்கே கிடைத்தாக வேண்டும். ஆட்டின் மதிப்பு அந்தக் கணக்கில் உயர்ந்தது. கட்டுப்பாடின்றித் திரியும் கால்நடைகளை அழிக்கும் ஆணை 1731இல்தான் வந்தது. முளைக்கும் கன்றையெல்லாம் ஆடுகள் மேய்ந்துவிட, முதிர்ந்த மரங்கள் வாரிசின்றிப் பட்டுப்போயிருந்தன. 1810இல் அரசுப் பயன்பாட்டுக்கான எரிபொருளை இறக்குமதி செய்ய ஓராண்டில் 2,729 பவுண்டு செலவானதாக அன்றைய ஆளுநர் அறிவித்தார்.

அந்த ஆளுநர் அலெக்சாண்டர் பீட்சன், 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் கம்பெனிப் படையின் நில அளவைத் தலைவராக இருந்தவர். கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பும் வழியில் தீவில் தங்கிய வில்லியம் ராக்ஸ்பர்க் தொகுத்த செடிப் பட்டியல், 1816இல் பீட்சனின் நூலில் வெளிவந்தது. காட்டை அழியவிட்ட கம்பெனியின் ஊழியர்களே அதன் மிச்சத்துக்குக் கணக்கெழுதவும் செய்தார்கள்.

அவர்களுள் ஒருவர் வில்லியம் பர்ச்செல். 1805 முதல் 1810 வரை தீவில் பள்ளி ஆசிரியராகவும் கம்பெனியின் தாவரவியலாளராகவும் இருந்தவர். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பெரிய கறுப்பு வண்டு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது: அப்ளோதோரக்ஸ் பர்ச்செல்லி. புலிவண்டுகளுக்கு நெருங்கிய உறவான தரைவண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது. கம்பளிப்புழுக்களை வேட்டையாடும் கலோசோமா வண்டுகள் இதன் சுற்றத்தார். ஒரே ஓர் இனம் மட்டுமே கொண்ட இப்பேரினத்தை 1841இல் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் விவரித்தார். பீகிள் பயணத்தில் டார்வின் சேகரித்த பாலூட்டிகளை விவரித்தவரும் அவரே. அதாவது, ஆடுகள் வந்து மூன்று நூற்றாண்டு கழிந்த பிறகே இந்த வண்டுக்கு அறிவியலில் ஒரு பெயர் கிடைத்தது.

இந்தக் காலத் தாமதம் வரலாற்றாய்வாளருக்கு முக்கியமானது. 1875-76இல் வெர்னன் வொல்லாஸ்டன் தீவின் வண்டுகளை முறையாகத் தொகுத்தார். மொத்தம் 203 இனங்கள். அவற்றுள் 129 தீவின் பூர்வகுடிகள் என்று அவர் கருதினார். அந்த 129இல் ஒன்றைத் தவிர எதுவும் வேறு நாட்டில் இல்லை. வொல்லாஸ்டன் டார்வினின் கொள்கையை ஏற்காதவர். ஆயினும் அவர் தந்த எண்களைக் கொண்டே வாலஸ் 1880இல் தீவுயிர்களின் பரிணாமத்தை விளக்கினார். அதன்பின் அந்த 129 பாடநூல்களில் ஒரு தொடக்கப்புள்ளிபோல் நிலைத்துவிட்டது. ஆனால் அது தீவின் இயல்பான வண்டுத்தொகை அன்று. காடு அழிந்தபின் எஞ்சியவற்றின் எண்ணிக்கை. பூர்வ வண்டுகளில் பெரும்பகுதி மரத்தைச் சார்ந்து வாழும் கூன்வண்டுகள்; மரங்களோடு மறைந்தவை எத்தனை என்பதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. வாலஸ் இந்த இழப்பை அறிந்தே எழுதினார். அவருக்குப் பின் அந்த எண்ணை மேற்கோள் காட்டியவர்கள் பலர் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். காலனியக் காலத் தொகுப்புகளை இன்றைய இழப்பை அளக்கும் அடிக்கோலாகக் கொள்ளும் நம் ஆய்வுகளிலும் இதே வழுக்கல் உண்டு.

அப்ளோதோரக்ஸ் கதை முழுவதும் ஆட்டால் முடிந்ததன்று. காடு போனபின்னும் தீவின் கிழக்கே, வறண்ட வெளிகளில் அது பிழைத்திருந்தது. 1960களில் பெல்ஜியத்தின் தெர்வூரன் அருங்காட்சியகக் குழுவினர் அதை உயிரோடு கண்டனர். பிந்திய தேடல்களில் உயிருள்ள ஒன்றுகூடச் சிக்கவில்லை. வந்தேறி எலிகளும் பூரான்களும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. கிழக்கிலுள்ள பிராஸ்பரஸ் விரிகுடாச் சமவெளியில் இப்போது விமான நிலையம் இருக்கிறது; வழக்கமான பயணிகள் சேவை 2017இல் தொடங்கியது.

முற்றிலும் அழிந்ததாகக் கருதப்பட்ட கருங்காலியோ, 1980இல் ஒரு செங்குத்துப் பாறையில் இரண்டு புதர்களாகக் கண்டெடுக்கப்பட்டது. அவற்றின் கிளைகளை வெட்டி நட்டு வளர்த்த செடிகள் இன்று தீவில் பல இடங்களில் நிற்கின்றன. வண்டைத் தேடியவர்களுக்கு அப்படியொரு பாறை இதுவரை அகப்படவில்லை.